கிழியாத ஞாயிறு

தாழம்பூத்துறை என்கிற ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லா ஊருக்கும் வருகிற மாதிரிதான் வந்தது, கறிக்கடை வாசலில் கூட்டமாகவும் தலை நிறைய நல்லெண்ணெயாகவும் மத்தியானத் தூக்கமாகவும் வந்தது, ஆனால் ராத்திரி ஆனதும் கிளம்பிப் போகாமல், சாப்பிட வந்த இடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்ட விருந்தாளி மாதிரி அங்கேயே தங்கிவிட்டது.

அதை முதலில் கண்டவள் செண்பகவல்லி. காக்கை கரைவதற்கு முன்னால் எழுந்து, முகம் கழுவி, அடுப்பங்கரைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழிக்கப் போனாள், தாள் வரவில்லை. விரலில் எச்சில் தொட்டு இழுத்தாள், வரவில்லை. கத்தியால் அறுத்தாள், அரிவாள்மனையில் வைத்து நறுக்கிப் பார்த்தாள், ஒரு காலை சுவரில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள், சுவரில் இருந்த ஆணி வந்தது, ஆணியோடு கொஞ்சம் காரையும் வந்தது, தாள் மட்டும் வரவில்லை.

அவள் அவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. விடிந்தால் திங்கட்கிழமை, திங்கட்கிழமை காலையில் அவள் மைதீன் பிச்சை ராவுத்தரின் மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு தாழம்பூத்துறையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஓட்டப் போகிறாள், சம்பளத்துக்கு, டிரைவராக. இது ஊரில் ராவுத்தரையும் அவர் பீவியையும் தவிர யாருக்கும் தெரியாது, அவள் புருஷன் நம்பிராஜனுக்குத் தெரியவே தெரியாது. தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த நம்பிராஜன் நல்ல மனுஷன்தான், ஆனால் எப்போதோ ஒரு நாள் அவள் ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கட்டுமா என்று கேட்டதற்கு, “நீ தோசையைத் திருப்புத லட்சணத்துக்கு வண்டியைத் திருப்பப் போறியாக்கும்” என்று சொல்லிவிட்டு, தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் புருஷன் ஆபீசுக்கும் மகள் பூங்கோதை பள்ளிக்கூடத்துக்கும் போன பின்னால், ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய் முதலில் ஸ்கூட்டரும், பிறகு காரும், பிறகு லாரியும் ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கி, பேட்ஜும் வாங்கி, திரும்பி வந்து புளிக்குழம்பும் வைத்துவிட்டாள். இட்லி வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று இருந்தாள், இட்லி மாவும் பொங்கி நின்றது, திங்கட்கிழமையைத்தான் காணோம்.

அன்றைக்குப் பொழுது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் விடிந்தது. கைபேசிகளெல்லாம் ஞாயிறு என்றன, டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் போட்டார்கள், பள்ளிக்கூட வாட்ச்மேன் கேட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினால் சாவி திரும்பாமல் கொட்டாவி விட்டது. வெளியூரிலிருந்து வேனில் வருகிற பேப்பர் கட்டில் வேறு ஏதோ தேதி இருந்ததாம், ஆனால் பாலத்தின் நடுவில் வரும்போது எழுத்துகள் எறும்புகள் மாதிரி இடம் மாறி, இந்தக் கரையில் இறங்கும்போது ஞாயிறு மலரோடு வந்து சேர்ந்தது. பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு வந்தவர்களிடம் அந்தப் பக்கம் என்ன கிழமை என்று கேட்டால், கவனிக்கவில்லையே என்று தலையைச் சொறிந்தார்கள்.

ஊரில் யாரும் இதற்கு அதிர்ந்துபோகவில்லை. கறிக்கடைக்காரர் இன்னொரு ஆட்டை அறுத்தார், பெண்கள் இன்னொரு தடவை மசாலா அரைத்தார்கள், ஆண்கள் இன்னொரு தடவை படுத்துத் தூங்கினார்கள். அதற்கடுத்த நாளும் ஞாயிறாகவே வந்தபோதுதான் ஊர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, காலண்டர் தாளின் அடியில் வழக்கமாக நல்ல நேரம் போட்டிருக்கிற இடத்தில் வேறொன்று அச்சாகியிருப்பதைப் பார்த்தது. எல்லா வீட்டுக் காலண்டரிலும், ஜவுளிக்கடைக் காலண்டரிலும், முருகன் படம் போட்டதிலும், மாதா படம் போட்டதிலும், மெக்கா படம் போட்டதிலும் ஒரே விடுகதைதான் இருந்தது.

வாரத்தில் ஒன்று, மாதத்தில் நாலு, வருஷத்தில் பன்னிரண்டு, வானத்திலும் ஒன்று. நான் யார்?

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அதை உரக்கப் படித்தது டீ மாஸ்டர் கொம்பையா. பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பருப்புவடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆறுமுகநயினார். கொம்பையா டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார், ஒரு ஆற்று, இரண்டு ஆற்று, மூன்றாவது ஆற்றில் அவர் முகம் பளிச்சென்று ஆனது.

“அட, இது என்ன பெரிய விடுகதை? வாரத்துல ஒரு நாளு வரும், மாசத்துல நாலு நாளு வரும். மாசத்துக்கே அதான் பேரு, அப்ப வருஷத்துக்குப் பன்னெண்டு. வானத்து நெலாவுக்கும் அதான் பேரு. திங்...”

அந்த நொடியில் சுவர்க் காலண்டரின் தாள் மேல் ஓரத்தில் பர்ரென்று அரை அங்குலம் கிழிந்தது. அதை நயினார் சார் பார்த்தார். கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்த நாள் எது என்பதும், அது இன்னும் வராமல் நின்றுகொண்டிருக்கிறது என்பதும், அது வராமலே நிற்கலாம் என்பதும் அவருக்கு ஒரே சமயத்தில் விளங்க, வாழ்நாளில் அதுவரை காட்டாத வேகத்தில் கையிலிருந்த வடையை அப்படியே கொம்பையாவின் வாயில் திணித்தார். ஒரு பருப்புவடையால் ஒரு ஊரின் விடுமுறை காப்பாற்றப்பட்டது.

கதை சொல்கிற நாம் பாலத்துக்கு வெளியே இருக்கிறோம், நமக்குப் பயமில்லை, சொல்லிவிடலாம்: விடை திங்கள். ஆனால் தாழம்பூத்துறையில் அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதே மத்தியானத்திலிருந்து அதை யாரும் சொல்வதில்லை என்றும் ஆகிவிட்டது. இன்றைக்குத் திங்கக்கிழமைதானே என்று பேச்சோடு பேச்சாக முந்தின நாட்களில் பாதி ஊர் கேட்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, விடையாக வாய் நிறையச் சொன்னால்தான் தாள் கிழியும் என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆனாலும் நயினார் சார் தலைமையில் அமைந்த ஞாயிறு பாதுகாப்புக் குழு எந்த வாயையும் நம்பத் தயாராக இல்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்த திங்கட்செல்விக்கு ஞாயிற்றுச்செல்வி என்று பெயர் மாற்றி மாலை போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மாதிரிப் பசியோடு பிள்ளைகள் தெருவிலிருந்து ஓடி வந்து “எம்மா, திங்க...” என்று ஆரம்பித்ததும் தாய்மார்கள் பாய்ந்து வாயைப் பொத்தினார்கள், திங்க என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, சாப்பிட என்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும் என்று குழு அறிவித்தது, முறுக்கையும் அதிரசத்தையும் எப்படிச் சாப்பிடுவது, அதெல்லாம் திங்கிற பண்டமில்லையா என்று ஒரு பெரியவர் அழமாட்டாக் குறையாகக் கேட்டார். தூக்கத்தில் உளறுகிறவர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். சிவன் கோயில் குருக்கள் நினைவு தப்பி “சோமவார பூஜை” என்று ஆரம்பித்தபோது கூடியிருந்தவர்களில் ரெண்டு பேர் மயங்கியே விழுந்தார்கள், பிறகு சோமவாரம் என்பது வேறு சொல், ஆபத்தில்லாத சொல் என்று தெரிந்து தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். நிலா, மதி, பிறை என்று தமிழில் வானத்தில் இருப்பதற்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று ஊர் மெச்சிக்கொண்டது.

விடையைச் சொல்லக் கூடாது என்று ஆனதும் ஊருக்கு விடுகதைப் பைத்தியம் பிடித்தது. தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டி, யார் நல்ல தப்பு விடை சொல்கிறார்கள் என்று போட்டி வைத்தார்கள். மாவுமில் வைத்திருந்த ஒருத்தர் எழுந்து, “அது எங்க மாமியாருங்க. வாரத்துல ஒருக்க வருவாவ, மாசத்துல நாலு சண்டை போடுவாவ, வருஷத்துக்குப் பன்னெண்டு சேலை கேப்பாவ” என்றார். வானத்தில் எங்கே என்று கூட்டம் கேட்டது. “கேட்டத வாங்கிக் குடுக்கலன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாவல்லா!” அன்றைய பரிசு அவருக்குத்தான், ஒரு சீப்பு நாட்டுப்பழம். மாமியாரும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு விடுகதை. ஊசியிடம் சொன்னால் வேலை, உழவனிடம் சொன்னால் பொங்கல் என்று தையற்கடைக்காரர் போட்டார், தை என்று கூட்டம் கத்தியது. முகமும் பார்க்கலாம், காலில் சலங்கையும் கட்டலாம், ஜவுளிக்கடையில் பாதி விலைக்கும் கேட்கலாம் என்று பூக்காரி போட்டாள், ஆடி என்றார்கள். பிறக்கும்போதே வாயைப் பிளந்துகொண்டு பசிக்குது என்று அழுகிற பிள்ளை எது என்றதற்கு ஐப்பசி. வெற்றிலை போடாமலே சிவந்த வாய் எது என்றதற்குச் செவ்வாய். எந்தத் தட்டானும் உருக்க முடியாத வெள்ளி எது என்றதற்கு, அந்தக் கிழமையைச் சொன்னால் அடிக்க வருவீர்கள் என்று ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டே ஓடினாள். எல்லா முறைக்காரனும் பிடித்துக்கொள்ளச் சொல்வான், ஒரு முறை மட்டும் விடச் சொல்லும், அது எது என்று நயினார் சாரே மைக்கில் கேட்டார். விடுமுறை, விடுமுறை என்று ஊரே எழுந்து நின்று துண்டைச் சுழற்றியது.

செண்பகவல்லி அந்தச் சத்தத்தை அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் வீட்டில் கறிக்குழம்பு, ரசம், சுக்கா, அது போக எண்ணெய்க் குளியலுக்குச் சுடுதண்ணீர், அது போக உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்த நாத்தனார் சிவகாமி குடும்பத்தோடு சாப்பிட வருவது. அது தினமும் நடந்தது. தினமும் நாத்தனார் வந்து அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, “மதினி, இன்னைக்கு உப்பு ஒரு கல்லு கூட” என்றாள். தினமும் நம்பிராஜன் வாழையிலையை மடித்துவிட்டு, இப்படியே இருந்துவிட்டால் என்ன சுகம் என்று ஏப்பம் விட்டார்.

அந்தச் சொல்லைச் சொல்லிவிட அவளுக்கு எத்தனை தடவை நாக்கு துறுதுறுத்தது என்று கணக்கில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பெண்பிள்ளை தனியாக இருக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது, கொல்லைப்புறம் போனால்கூட மதினி எங்கே என்று ஒரு குரல் வரும். அதற்கும் மேலே அவளுக்கு ஒரு ரோஷம் இருந்தது. ஒளிந்து ஒளிந்து படித்தாயிற்று, பஸ் ஓட்டுவதையும் ஒளிந்துகொண்டே தொடங்குவதா என்று இருந்தது.

தினமும் கொத்தமல்லி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ராவுத்தர் ஷெட்டுக்குப் போய், தார்ப்பாய் போர்த்தி நின்ற மினிபஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவாள். பச்சை வண்டி. முன்கண்ணாடியில் தூசி படிந்திருந்தது, அவள் முந்தானையால் துடைத்துவிட்டு வருவாள், மறுநாள் மறுபடியும் படிந்திருக்கும்.

“ஞாயித்துக்கெழமைக்குப் பெர்மிட்டு இல்லையேம்மா,” என்பார் மைதீன் பிச்சை ராவுத்தர், முழங்காலைத் தடவிக்கொண்டு. “எனக்கும் வெள்ளிக்கெழம ஜும்மா தொழுது எவ்வளவு நாளாச்சு. சர்ச்சுல பாதரு பிரசங்கம் தீந்துபோயி, போன வருஷத்தத திருப்பிச் சொல்லுதாராம். எல்லாருக்கும்தான் கொறை.”

“நீங்க சொல்லிரலாம்லா பாய்?”

“நான் சொன்னா, பாய் வந்து ஊரு லீவக் கெடுத்துட்டாருன்னு ஆயிரும் தாயி. நீ சொல்லு.”

“என்னையக் கொன்னுபோடுவாங்க.”

“அதுஞ் சரிதான்,” என்று அவர் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினார்.

நாள் போகப் போக ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டது. அதையும் யாரும் வெளியே சொல்லவில்லை. கறிக்கடையில் ஆடு தீர்ந்து, கோழி தீர்ந்து, வாழைக்காயைக் கறி மாதிரி நறுக்கித் தொங்கவிட்டார்கள். பிள்ளைகள் விளையாடி விளையாடி அலுத்துப்போய், கடைசியில் தெருவில் வரிசையாக நின்று பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினார்கள், பூங்கோதை எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மணியடித்தாள், வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், ஒப்பிக்காதவர்களை முட்டிபோட வைத்தார்கள், முட்டி போட்டவர்கள் சந்தோஷமாகப் போட்டார்கள். அந்தத் தெரு வழியாக வந்த நயினார் சார் ஒரு கணம் நின்று, ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு தப்பைத் திருத்திவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போன செண்பகவல்லி, ஜன்னல் வழியாகத் தன் புருஷனைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, இஸ்திரி போட்ட ஆபீஸ் சட்டையைப் போட்டு, பெல்ட்டைக் கட்டி, காலி டிபன் பாக்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, நம்பிராஜன் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். யாரோ எதிரில் நிற்பது மாதிரி ஒரு இடத்தில் நின்று, “நாளைக்கு வாங்க, சார் லீவு” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துவிட்டு, கைலியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, “ஞாயித்துக்கெழமைன்னா ஞாயித்துக்கெழமைதான்” என்று சத்தமாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சை என்னவோ செய்யவும் செய்தது.

மறுநாள் காலையில் அவள் ஷெட்டுக்குப் போனபோது ராவுத்தர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“வித்துட்டேம்மா. ஓடாத வண்டிய வச்சிக்கிட்டு என்ன செய்ய? கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் பாத்துட்டுப் போயிட்டான். பொழுது சாய வந்து எடுத்துக்கிடுதேன்னான்.”

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டிரைவர் பக்கக் கதவில் சின்னதாக ஒரு நசுங்கல், அதை எப்போதிருந்தோ சரி பண்ணணும் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த நசுங்கல் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சாவியக் குடுங்க பாய்.”

“எங்கம்மா?”

“பஸ் ஸ்டாண்டுக்கு.”

ராவுத்தர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அப்புறம் முழங்கால் வலியை மறந்து எம்பி, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவள் பக்கம் வீசினார்.

தாழம்பூத்துறையின் ஞாயிற்றுக்கிழமைத் தெருவில், எண்ணெய் தேய்த்த தலைகளுக்கும் வெயிலில் காயப்போட்ட வடாகத்துக்கும் நடுவில், பச்சை மினிபஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது, வடாகத்தில் ஒன்றைக்கூட அது மிதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் போட்டி சூடாக நடந்துகொண்டிருந்தது. அவள் மேடைக்கு நேரே வண்டியை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“சார், நானும் விடை சொல்லுதேன்.”

வண்டி ஓட்டி வந்திருப்பது கிளார்க் நம்பிராஜன் சம்சாரம் என்பது முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. நயினார் சார் மைக்கைத் தட்டிச் சரி செய்துகொண்டு, “வாங்க தாயி, வாங்க. நல்ல தப்பான விடையாச் சொல்லுங்க” என்றார்.

“தப்பில்ல சார். சரியான விடை.”

அவ்வளவுதான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. காதைப் பொத்தியவர்கள் பாதி, அவள் வாயைப் பொத்த ஓடி வந்தவர்கள் பாதி. கொம்பையா வடைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், வடைகள் ஆளுக்கொன்றாகக் கைமாறி, எல்லோரும் வடையை ஓங்கிக்கொண்டு பஸ்ஸைச் சூழ்ந்தார்கள். அவள் கண்ணாடியை ஏற்றினாள், ரிவர்ஸ் எடுத்தாள், தேரடி வழியாக வடக்கு ரதவீதியில் வண்டியை விட்டாள், பின்னாலேயே ஊர் ஓடி வந்தது. ஞாயிற்றுச்செல்வி ஓடி வந்தாள், குருக்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார், பாதிரியார் அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார், மாவுமில்காரரும் அவருடைய மாமியாரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், தட்டில் மணியடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள், ஊரிலிருந்த நாயெல்லாம் வடைக்காக ஓடி வந்தது.

ரதவீதி முக்கில் திரும்பும்போது செண்பகவல்லி பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். முதலில் பயமாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. யாரும் முழு வேகத்தில் ஓடவில்லை. அவள் இரண்டாவது கியரில்தான் போய்க்கொண்டிருந்தாள், ஒரு கிழவர் நடந்தாலே பிடித்துவிடலாம். ஆனால் எல்லோரும் கைகளை வீசி வீசி, வாயால் ஐயோ பிடி பிடி என்று கத்திக்கொண்டு, கால்களை மட்டும் பதமாக எடுத்து வைத்தார்கள். நயினார் சாரின் செருப்பு கழன்றது. அவர் நின்று, குனிந்து, அதை ஆற அமர மாட்டிக்கொண்டு, மறுபடியும் ஓட ஆரம்பித்தார், அவருக்காகப் பின்னால் வந்தவர்களும் நின்று ஓடினார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே தெற்குத் தெருவில் திரும்பினாள், திரும்பின இடத்தில் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், கையில் டிபன் பாக்ஸ். சத்தம் கேட்டு அறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். பிரேக்கை மிதித்தாள். வண்டி அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

நம்பிராஜன் வண்டியைப் பார்த்தார், அதற்குள் இருந்தவளைப் பார்த்தார். டிரைவர் பக்கமாக நடந்து வந்தார். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“நீயாட்டி ஓட்டுத?”

“நாந்தான்.”

“எப்ப படிச்ச?”

“நீங்க ஆபீசுக்குப் போன பொறவு. வாராவாரம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். தோசை, லட்சணம், சிரிப்பு எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருப்பது அந்த முகத்தில் தெரிந்தது, காது மடல் சிவந்தது. பின்னால் கூட்டம் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வடையும் கையுமாகச் சும்மா நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. எல்லோரும் நம்பிராஜன் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள்.

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், படியில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார்.

“சட்டை கசங்குது,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “சொல்லு.”

செண்பகவல்லி இன்ஜினை நிறுத்தினாள். தெரு அத்தனை அமைதியாக இருந்தது. அவள் கத்தவில்லை, முணுமுணுக்கவும் இல்லை, கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி நிதானமாக, மூன்றெழுத்தும் கடைசி மெய்யும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

“திங்கள்.”

பர்ரென்று ஒரு சத்தம். ஊரிலிருந்த அத்தனை காலண்டரிலும் அத்தனை தாளும் ஒரே நேரத்தில் கிழிந்த சத்தம் அது, கோயில் கோபுரத்திலிருந்து புறாக்களெல்லாம் ஒன்றாக எழும்பினால் கேட்கிற மாதிரி இருந்தது. கிழிந்த ஞாயிறுகள் ஜன்னல்கள் வழியாகப் பறந்து வந்து எல்லோர் தலையிலும் இறங்கி, எண்ணெயில் ஒட்டிக்கொண்டன. ஒரு நொடி ஊர் அப்படியே நின்றது. பிறகு பள்ளிக்கூடத்து மணி தானாகவே அடித்தது, அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. ஞாயிறு பத்து மணிக்குத் திங்கள் பிறந்தால் அது திங்கள் பத்து மணியாகத்தான் பிறக்கும். ஊரே லேட்!

“ஐயோ, இன்ஸ்பெக்‌ஷன்!” என்று அலறினார் நயினார் சார்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு ஓட்டம், இது நிஜமான ஓட்டம். வடைகளைக் கீழே போட்டுவிட்டு ஊர் மினிபஸ்ஸின் மேல் பாய்ந்தது. அரைத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவர்கள் ஏறினார்கள், கைலியோடு பேங்க் கேஷியர் ஏறினார், ஒரு கையில் புத்தகப்பையும் ஒரு கையில் தட்டுமாகப் பிள்ளைகள் ஏறினார்கள். தபால் ஆபீஸ்காரி ஏறும்போதே, “என் பேரு திங்கட்செல்வி, திங்கட்செல்வி, திங்கட்செல்வி!” என்று தேக்கிவைத்ததையெல்லாம் கொட்டினாள். “எம்மா, திங்க என்ன இருக்கு?” என்று நாலைந்து குரல் ஜன்னலிலிருந்து கத்தியது. மைதீன் பிச்சை ராவுத்தர் எங்கிருந்தோ டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு வந்து படியில் தொற்றி விசிலடித்தார். வண்டியை வாங்க வருகிறவனுக்கு, வர வேண்டாமென்று ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடு என்று தன் பீவிக்குத் தெருவிலிருந்தே சத்தம் போட்டார்.

யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் திங்கட்கிழமையைத் திட்டினார்கள், வாய் நிறைய, ஆசை தீரத் திட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் நயினார் சார் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து, தலையில் ஒட்டிய காலண்டர் தாளோடு உள்ளே ஓடினார், ஓடிக்கொண்டே திரும்பி, “நாளையிலருந்து ஒம்பது மணிக்கே வரணும், சொல்லிட்டேன்!” என்று அவளை அதட்டினார். சரி சார் என்றாள் செண்பகவல்லி.

தாலுகா ஆபீஸ் நிறுத்தத்தில் நம்பிராஜன் இறங்கினார். இறங்கினவர் உள்ளே போகவில்லை, டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் தினமும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை முதல் தடவையாக அவளிடம் கேட்டார்.

“சாயந்திரம் எத்தன மணிக்கு வருவ?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். அதை அவளே இன்னும் யோசித்திருக்கவில்லை.

“கடைசி டிரிப்பு முடிய எட்டு ஆயிரும்,” என்று கியரைப் போட்டாள். “சோறு வச்சிருங்க.”

“எத்தன டம்ளரு அரிசி?” என்று அவர் கேட்டதற்குள் ராவுத்தர் இரட்டை விசில் கொடுத்துவிட்டார். பஸ் மலையைப் பார்க்கத் திரும்பியது. டிபன் பாக்ஸைத் தூக்கிக் காட்டி, “ஏட்டி, எத்தன டம்ளரு?” என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது, முழு வேகத்தில் ஓடி வந்தார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மூன்று விரலைக் காட்டினாள்.